மீன்தான் சாகவில்லையே!

மாணவ நண்பர்களே, ஓர் ஆற்றின் நீர் கெட்டுவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? நிறம் மாறினால், நுரை பொங்கினால், நாற்றம் வீசினால், மீன்கள் செத்து மிதந்தால் என்றுதானே சொல்வீர்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவர்கள் சிலருடன் ஈரோட்டிலிருந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். பள்ளிபாளையத்துக் காவிரிப் பாலத்தின்மேல் நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. நல்ல கோடைக்காலம். பாறைகள் வெளியே தெரிய ஆறு மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பரிசல்காரர் வலையை உதறினார். ஐந்தாறு ஜிலேபி மீன்கள் துள்ளின. "இந்தத் தண்ணியையா சார் கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்க? மீன்தான் உயிரோட இருக்கே!" என்றான் என் பக்கத்தில் இருந்த மாணவன்.

அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. சாயக் கழிவு, சாக்கடை என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். இப்போது அந்தக் கேள்விக்கு என் பதில் இதுதான்: மீன் உயிரோடு இருக்கிறது என்பது ஆறு நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. அந்த மீன் முட்டையிடுகிறதா, உரிய காலத்தில் இடுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கேள்வியை நம் ஊர்ப் பக்கத்தில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை என்பதே என் குறை. நான் இயற்பியல் கற்பிப்பவன். மீனியல் வல்லுநன் அல்லன். ஆனால் எண்களோடு பழகியவன். இந்த விஷயத்தில் எண்கள் சொல்லும் கதை விசித்திரமானது.

காவிரியில் கரைந்த மாத்திரைகள்

தலைவலி, மூட்டுவலி, இடுப்புவலி, காய்ச்சல் என்றால் நாம் ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகளை விழுங்குகிறோம். வலி போய்விடுகிறது. மருந்து எங்கே போகிறது? பெரும்பகுதி உடலுக்குள் வேதி மாற்றம் அடைகிறது. மாறியதும் மாறாததுமாக எல்லாம் சிறுநீர் வழியாகவும் மலத்தின் வழியாகவும் வெளியேறி, சாக்கடைக்கும் அங்கிருந்து ஆற்றுக்கும் போய்ச் சேருகிறது. சாக்கடையில் உள்ள பாக்டீரியாக்கள், மாறிப்போன மருந்தில் ஒரு பகுதியைப் பழைய உருவத்துக்கே திருப்பிவிடுவதும் உண்டு.

வலிக்குத் தடவும் களிம்பின் கணக்கு இன்னும் நேரடியானது. டைக்ளோஃபெனாக் களிம்பைத் தோலில் தடவினால் இரத்தத்தில் சேருவது ஏறத்தாழ நூற்றில் ஆறு பங்குதான். மீதியில் பெரும்பகுதி துணியோடும் குளியலோடும் போகிறது. அதாவது, மருந்து கெடாமல் அப்படியே சாக்கடையில் இறங்குகிறது!

இது வெறும் ஊகம் அன்று. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய மூன்று ஆறுகளில் 27 இடங்களில் நீர் எடுத்துச் சோதித்து, 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். டைக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென், நாப்ராக்ஸன், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் ஆகிய ஐந்து வலி மருந்துகளை அவர்கள் தேடினார்கள். ஆஸ்பிரின் நீங்கலாக மற்ற நான்கும் லிட்டருக்கு 200 நானோகிராம் வரை இருந்தன. ஆஸ்பிரின் 660 நானோகிராம் வரை இருந்தது. பின்னர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியை லிஜி பிலிப்பின் குழுவினர் இரண்டு ஆண்டுகள் காவிரியைத் தொடர்ந்து கவனித்து, 2021-இல் தம் முடிவைச் சொன்னார்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மட்டுமின்றி இரத்த அழுத்த மருந்துகளும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் அங்கே இருந்தன. மழைக்காலம் முடிந்து ஆற்றில் நீர் வரத்துக் குறைந்ததும் இவற்றின் அளவு உயர்வதையும் அவர்கள் கண்டார்கள். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நானோகிராம் என்றால் ஒன்றுமில்லையா?

ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோகிராம். லிட்டருக்கு 200 நானோகிராம் என்பது எவ்வளவு? 50 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக் மாத்திரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இந்தச் செறிவுக்குக் கரைக்க வேண்டுமானால் 2,50,000 லிட்டர் நீர் வேண்டும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 21 வந்து நிற்க வேண்டும்!

'அப்படியானால் இது ஒன்றுமே இல்லை' என்று தோன்றுகிறது அல்லவா? மனிதரைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய சரிதான். அந்த நீரை நாளொன்றுக்கு 2 லிட்டர் வீதம் குடித்தால், ஒரே ஒரு மாத்திரையின் அளவு நம் வயிற்றில் சேர 342 ஆண்டுகள் ஆகும். ஆகவே காவிரித் தண்ணீரைக் குடிக்கும் சேலத்துக்காரர்களும் நாமக்கல்காரர்களும் இதைப் படித்துவிட்டு அஞ்ச வேண்டியதில்லை. பயமுறுத்துவது என் நோக்கம் அன்று.

ஆனால் அதே எண்ணை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். டைக்ளோஃபெனாக்கின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 296. அவகாட்ரோ எண் உங்களுக்குத் தெரியும். 200 நானோகிராமில் உள்ள மூலக்கூறுகளைக் கணக்கிட்டால் 4 கோடி கோடி என்று வருகிறது. ஒரு லிட்டருக்கு அத்தனை என்றால், ஒரே ஒரு சொட்டு நீரில் ஏறத்தாழ 2,000 கோடி மூலக்கூறுகள்! நீங்களே தாளில் போட்டுச் சரிபாருங்கள். மீன் அந்த நீரை நாளுக்கு இரண்டு லிட்டர் குடித்துவிட்டுப் போவதில்லை. அதிலேயே பிறந்து, அதிலேயே மூச்சு விட்டு, இரவும் பகலும் செவுள்களின் மெல்லிய தோல்மீது அதை ஓடவிட்டுக்கொண்டே வாழ்கிறது. பின்லாந்தில் கழிவு நீர் நிலையம் ஒன்றுக்குக் கீழே இருந்த ஏரியில் பிடித்த மீன்களின் பித்தநீரை 2013-இல் சோதித்தபோது, டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன், இபுபுரூஃபன் மூன்றும் ஏரி நீரில் இருந்ததைவிடப் பன்மடங்கு செறிவோடு காணப்பட்டன.

வலியும் முட்டையும்

வலி மாத்திரைக்கும் மீன் முட்டைக்கும் என்ன உறவு? இதுதான் இந்தக் கதையின் சுவையான பகுதி.

ஆஸ்பிரின் எப்படி வலியைப் போக்குகிறது என்பது நெடுங்காலம் புரியாமலே இருந்தது. 1971-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வேன் விடை கண்டார். உடலில் புண் ஏற்படும்போது 'பிராஸ்டாகிளாண்டின்' என்னும் பொருள்கள் சுரக்கின்றன. வலி, வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றைத் தூண்டிவிடுபவை இவையே. இவற்றை உண்டாக்கும் நொதியை ஆஸ்பிரின் முடக்கிவிடுகிறது. இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் செய்யும் வேலையும் அதுவேதான். இந்தத் துறையில் செய்த பணிக்காக வேனுக்கும், சுவீடன் நாட்டு பெர்க்ஸ்டிராம், சாமுவெல்சன் இருவருக்கும் 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இயற்கை மிகவும் சிக்கனமானது. ஒரே பொருளைப் பல வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளும். பிராஸ்டாகிளாண்டின்கள் வலிக்கு மட்டும் உரியவை அல்ல. முதுகெலும்புள்ள உயிர்களின் இனப்பெருக்கத்திலும் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. பெண் மீனின் சினைப்பையில் முட்டை முதிர்ந்ததும், அதை மூடியிருக்கும் உறை கிழிந்து முட்டை வெளிவர வேண்டும். மூளையடிச் சுரப்பியின் ஹார்மோன் ஆணை இடுகிறது. அந்த ஆணையைச் சினைப்பையில் நிறைவேற்றி வைப்பவற்றுள் பிராஸ்டாகிளாண்டினும் ஒன்று. நம் ஏரி குளங்களில் கிடைக்கும் தேளி மீனைக் கொண்டே வாரணாசி காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

தங்க மீனின் செய்தி இன்னும் வியப்பானது. முட்டை வெளிவந்த பெண் மீனின் உடலில் ஒருவகைப் பிராஸ்டாகிளாண்டின் பெருகுகிறது. அது மூளையை அடைந்து, 'முட்டையிடு' என்று நடத்தையைத் தூண்டுகிறது. அதே பொருள் நீரிலும் கசிகிறது. ஆண் மீன் அதை முகர்ந்து அறிந்து துரத்தி வருகிறது. உள்ளே ஹார்மோன், வெளியே அழைப்புக் கடிதம்! இப்படி நீரில் கலக்கும் பொருள்களுள் ஒன்றை, லிட்டருக்கு ஒரு நானோகிராமுக்கும் குறைவாக இருந்தாலும் ஆண் மீனின் மூக்கு உணர்ந்துவிடுகிறது. 'நானோகிராம்தானே' என்று நாம் அலட்சியமாகப் பேசும் அளவையில்தான் மீன் தன் குடும்ப வாழ்க்கையையே நடத்துகிறது.

இந்த நொதியை முடக்கினால் என்ன ஆகும்? 1976-இலேயே கனடாவில் நார்மன் ஸ்டேசி சோதித்துப் பார்த்தார். இண்டோமெத்தசின் என்னும் வலி மருந்தை ஊசி மூலம் செலுத்தியதும் பெண் தங்க மீன்கள் முட்டையிடும் நடத்தையை நிறுத்திவிட்டன. பிராஸ்டாகிளாண்டினைக் கொடுத்ததும் அந்த நடத்தை திரும்பியது. அந்த மீன்கள் சாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஊசி வேறு, ஆற்று நீர் வேறு என்று நீங்கள் வாதிடலாம். நியாயமே. 2007-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஜப்பானிய மெடாக்கா மீன்களை இபுபுரூஃபன் கலந்த நீரிலேயே வளர்த்தார்கள். மருந்து கூடக் கூட, மீன்கள் வாரத்தில் முட்டையிட்ட தடவைகள் குறைந்தன. ஒவ்வொரு தடவையும் இட்ட முட்டைகளின் எண்ணிக்கையோ கூடியது. மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். உண்மையில் மீனின் பஞ்சாங்கமே மாறிப்போயிருந்தது!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் தீங்கு தெரிந்த அளவுகள் பெரும்பாலும் காவிரியில் கண்ட அளவைவிட அதிகம். 2004-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் டைக்ளோஃபெனாக்கால் டிரவுட் மீன்களின் சிறுநீரகமும் செவுளும் பழுதாவதை லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அளவில் கண்டார்கள். அந்த மூன்று ஆறுகளில் காணப்பட்டது 0.2 மைக்ரோகிராம் வரை. அதாவது 25-இல் ஒரு பங்கு. 'பிறகென்ன கவலை?' என்று இதைக் கொண்டே முடித்துவிடுபவர்கள் உண்டு. நான் அவர்களுடன் சேரமாட்டேன். காரணம் சொல்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மருந்து. ஆற்றில் ஐந்து மருந்து. ஐந்தும் ஒரே பூட்டை அடைக்கும் சாவிகள். 2004-இல் கிளூவர்ஸ் என்பவர் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், நாப்ராக்ஸன், ஆஸ்பிரின் நான்கையும் கலந்து தெள்ளுப்பூச்சி என்னும் சிறு நீருயிர்மீது சோதித்தார். தனித்தனியே ஒன்றும் செய்யாத அளவுகள் ஒன்றுகூடியதும் தீங்கு செய்தன. மேலும், ஆய்வுக்கூடச் சோதனை சில வாரங்களில் முடிந்துவிடும். ஆற்றில் இருக்கும் மீனுக்கோ விடுமுறையே இல்லை.

நானோகிராம் அளவு ஒரு மீன் குலத்தையே என்ன செய்யும் என்பதற்கு வேறொரு மருந்தின் கதை உண்டு. கனடாவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஓர் ஏரியில், 2001 முதல் மூன்று கோடைகள், கருத்தடை மாத்திரையில் உள்ள பெண்மை ஹார்மோனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் கலந்தார்கள். கெண்டை இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு மீனில் ஆண் மீன்கள் பெண் தன்மை அடைந்தன. சில ஆண்டுகளில் அந்த மீனே ஏரியில் அற்றுப்போகும் நிலை வந்தது. வலி மருந்து அத்தனை கொடியது என்று நான் சொல்லவில்லை. செத்து மிதக்கும் ஒரு மீன்கூடக் கண்ணில் படாமல் ஓர் ஏரி காலியாக முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். மருந்து கலப்பதை நிறுத்திய பிறகு அந்த மீன்கள் மெல்ல மீண்டும் பெருகின என்பது ஆறுதலான செய்தி.

டைக்ளோஃபெனாக் நம் நாட்டில் ஒருமுறை பாடம் கற்பித்தும் இருக்கிறது. மாட்டுக்குப் போட்ட ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? பிணந்தின்னிக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்த பிறகு, 2004-இல்தான் காரணம் தெரிந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தோம். தமிழ்நாட்டில் அந்தக் கழுகுகளைப் பார்க்க இன்று மோயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

நம் ஆற்றின் பஞ்சாங்கம்

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது நெடுநாள் வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு நாள் மாறும். மூடியிருக்கும் மாதங்களில் குடிநீருக்காக மட்டும் சிறிதளவு நீர் விடுவார்கள். ஆனால் குமாரபாளையத்தின் சாக்கடையும் பள்ளிபாளையத்தின் சாக்கடையும் ஜனவரி 28-ஐ அறியா. சேர்வராயன் மலைப் பக்கம் தோன்றிச் சேலம் நகரின் நடுவே கழிவு நீரைச் சுமந்து ஓடி, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாறும் அறியாது. கழிவு அதே அளவு. கரைக்கும் நீரோ பத்தில் ஒரு பங்கு என்றால் செறிவு பத்து மடங்கு. சென்னைக் குழுவினர் கண்டதும் இதைத்தானே?

மீனின் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகளுக்கு முட்டையிடும் காலம் தென்மேற்குப் பருவமழையின் புதுவெள்ளம். அதற்காகச் சினைப்பையில் முட்டை முதிர்வதோ பிப்ரவரி முதல் ஜூன் வரை! ஆறு மிகவும் மெலிந்து, மருந்து மிகவும் செறிந்திருக்கும் அதே மாதங்கள். மெடாக்கா மீனுக்கு நேர்ந்ததுபோல் இவற்றின் நாள் சற்றே தள்ளிப்போனால், வெள்ளத்தைத் தவறவிட்ட முட்டை என்ன ஆகும்? இது நடக்கிறது என்று நான் கூறவில்லை. நடக்கிறதா என்று பார்க்க வேண்டிய மாதம் எது, இடம் எது என்பது இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் பார்க்காமல் இருக்கலாமா என்றே கேட்கிறேன்.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று. டைக்ளோஃபெனாக்கைச் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் சிதைத்துவிடும். வெயிலுக்கு நம் பக்கம் பஞ்சமா! ஆனால் கதிர் நீருக்குள் இறங்கினால்தானே? சாயம் கலந்து கலங்கிய நீர் மேற்பரப்பிலேயே ஒளியை விழுங்கிவிடும். ஒரு கழிவு இன்னொரு கழிவுக்குக் குடை பிடிக்கிறது.

மேட்டூர், பள்ளிபாளையம் போன்ற இடங்களில் ஆற்று நீரை ஒழுங்காகச் சோதிக்கிறார்கள். கரைந்துள்ள ஆக்சிஜன், அமில காரத் தன்மை, குடல் பாக்டீரியா ஆகியவற்றை அளக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் இவை எல்லாமே 'மீன் சாகுமா' என்ற கேள்விக்கு விடை தேடும் அளவைகள். ஆண்டில் நான்கே முறை, அதிலும் இரண்டு முறை மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில், ஐந்து வலி மருந்துகளையும் சேர்த்து அளந்தால் என்ன? அதே நாளில் அதே இடத்தில் பத்துப் பெண் மீன்களின் சினைப்பையைத் திறந்து, முட்டை எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்தால் என்ன? இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. மருந்தை அளக்கும் கருவி பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. சினைப்பையைப் பார்க்க ஒரு நுண்ணோக்கி போதும்.

சுவிட்சர்லாந்தில் 2016 முதல் பெரிய கழிவு நீர் நிலையங்களில் ஓசோன் அல்லது கரித்தூள் கொண்டு மருந்துகளை நீக்கச் சட்டம் செய்து, படிப்படியாக நிறைவேற்றி வருகிறார்கள். 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம், அந்தச் செலவில் நூற்றுக்கு எண்பது பங்கையாவது மருந்து, அழகுசாதனப் பொருள் தயாரிப்பாளர்களே ஏற்க வேண்டும் என்று விதித்தது. நாமும் உடனே ஓசோன் நிலையம் கட்ட வேண்டும் என்று நான் வாதிடமாட்டேன். திருமணிமுத்தாற்றில் சாதாரணச் சாக்கடையையே இன்னும் முழுதாகத் தடுத்தபாடில்லை. கூரை இல்லாத வீட்டுக்கு ஓவியம் எதற்கு? முதலில் அளந்து பார்ப்போம்.

மாத்திரை தின்னாதீர்கள் என்று உபதேசம் செய்யவும் எனக்கு மனம் வரவில்லை. பள்ளிபாளையத்தில் பன்னிரண்டு மணி நேரம் விசைத்தறி முன் நின்று கால் வீங்கியவரின் வலி பொய்யன்று. நாமக்கல்லிலிருந்து வடநாட்டுக்கு லாரி ஓட்டிப் போய் வருபவரின் இடுப்புவலியும் பொய்யன்று. ஆற்றுக்காக அவர்கள் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல, நாற்காலியில் உட்கார்ந்து பாடம் சொல்லும் எனக்கு உரிமை இல்லை. ஆனால் காலாவதியான மாத்திரைப் பட்டையைக் கழிப்பறையில் கொட்டுவதால் யாருடைய வலியும் தீராது.

வேறொரு கணக்கையும் போட்டேன். கோடையில் ஆற்றில் விநாடிக்கு 1,000 கன அடி நீர் ஓடுவதாகக் கொள்வோம். ஒரு கன அடி 28.3 லிட்டர். லிட்டருக்கு 200 நானோகிராம் வீதம் ஒரு மருந்து இருந்தால், ஒரு நாளில் பாலத்தைக் கடந்து போவது ஏறத்தாழ அரைக் கிலோ, அதாவது 50 மில்லிகிராம் மாத்திரைகள் 10,000! அந்தப் பேருந்து மாணவனிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தேன். அவன் அதைச் சரிபார்த்துவிட்டு, "இதில் களிம்பு எவ்வளவு சார்?" என்று கேட்டான்.

என் தாயாருக்கு முழங்கால் வலி. இரவில் களிம்பு தடவிக்கொண்டு, காலையில் வெந்நீரில் குளிப்பார்கள். களிம்பு தடவிய கையைக் கழுவும் முன் தாளில் துடைத்துவிடச் சொல்வது சுவீடனில் வழக்கம் என்று படித்தேன். இப்போது எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவருகே பழைய செய்தித்தாளைச் சதுரமாகக் கிழித்துக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். கையையும் துடைத்து, குளிக்குமுன் முழங்காலையும் துடைத்து, தாளைக் குப்பையில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. "மீனுக்காகவா இத்தனையும்?" என்று சிரித்துக்கொண்டேதான் அம்மா துடைக்கிறார்கள்.